மிலம் கிராமத்து வாத்தியார்

முன்சியாரியிலிருந்து மிலம் வரை நடந்தபோது எனக்கு வயது 62. கூட வந்த இரண்டு நண்பர்களும் ஏறக்குறைய என் வயதுதான். மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு முழங்கால். அதில் நாலு தேறும். இந்த லட்சணத்தில் கிளம்புவதற்கு முன் நான் இன்னொரு விளையாட்டுத்தனமான காரியமும் செய்தேன். வீட்டுப் பூஜை அலமாரியில் சும்மா கிடந்த ஜபமாலையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ளுவது, இப்படியே மிலம் வரை எத்தனை தப்படி என்று எண்ணிவிடுவது என்று திட்டம்.

கோரி கங்கை ஆற்றை ஒட்டிய மலைப்பாதை அது. மூன்று மணி தள்ளியிருப்பேன், எதிரே கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தன. மலைப்பக்கமாக ஒதுங்கி நின்று வழிவிட்டுத் திரும்ப நடந்தபோது 43-ல் விட்டேனா, 53-ல் விட்டேனா என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை நண்பர் கூப்பிட்டு ஒரு அருவியைக் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாலை பைக்குள் போய்விட்டது.

நான் போய்க்கொண்டிருந்த ஊரில் 1830-ல் பிறந்த ஒருவர் இதே முறையில் சுமார் 1200 மைல் எண்ணிக்கொண்டே நடந்தார். மைலுக்கு 2000 தப்படி என்று அவர் கணக்கு. ஆக, 24 லட்சம் தப்படி. வழியில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது, வந்தால் உயிருக்கே ஆபத்து. பெயர் நைன் சிங் ராவத். மிலம் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

அந்த ஊரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். குமாவுன் மலைநாட்டின் வடகோடியில், 11,000 அடிக்கு மேல், மிலம் பனியாற்றின் கீழ் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒருவரும் அங்கே தங்க முடியாது. கோடையில் மேலே போய், பனிக்கு முன் ஆடுமாடுகளோடு கீழே இறங்கிவிடுவார்கள். இப்படிப்பட்ட இடம் ஒரு காலத்தில் குமாவுனிலேயே பெரிய ஊர்களில் ஒன்றாக இருந்தது என்றால் அதற்குக் காரணம் விவசாயம் இல்லை, திபெத். தானியம், துணி, வெல்லம் இங்கிருந்து மேலே போகும். உப்பு, வெண்காரம், கம்பளி அங்கிருந்து கீழே வரும். சரக்கைச் சுமப்பவை செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும். ஒவ்வொன்றின் முதுகிலும் இரு பக்கமும் தொங்கும் சிறிய பைகள். ஊண்டா துரா, ஜயந்தி, குங்ரி பிங்ரி என்று வரிசையாக மூன்று கணவாய்கள். எல்லாமே 17,000 அடிக்கு மேல். நடுவில் ஆட்டுக்குப் புல் கிடையாது என்பதால் மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் ஒவ்வொரு ஜோஹார் வியாபாரிக்கும் ஒரு திபெத்திய ‘மித்ரர்’ உண்டு. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதே வீட்டோடுதான் கொடுக்கல் வாங்கல். ஆகவே திபெத்திய மொழியும் பழக்கவழக்கமும் இவர்களுக்குத் தாய்வீட்டுச் சமாசாரம் மாதிரி.

இனி கொஞ்ச நேரம் நம் சென்னைக்கு வர வேண்டும். இந்தக் கதையின் இன்னொரு நுனி பரங்கிமலையில் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். அதை வைத்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துகொண்டு போனதுதான் பெரிய முக்கோண அளவைப் பணி. அவர் பயன்படுத்திய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது அது இடித்துக்கொண்டு சேதமானது தனிக்கதை. கருவியும் ஆட்களும் மாறி மாறி, அரை நூற்றாண்டில் அளவை இமயமலை அடிவாரம் சேர்ந்தது. சமவெளியில் நின்றபடியே எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னார்கள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம்? ஐரோப்பியர்கள் திபெத்துக்குள் நுழைய முடியாது. லாசா வரைபடத்தில் சரியாக எங்கே வர வேண்டும் என்பதே ஊகம். ஸாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறா என்பது கூட நிச்சயமில்லை. அரை டன் கருவியை அங்கே கொண்டுபோக வழியில்லை.

கேப்டன் மான்ட்காமரி என்ற அளவை அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரன் போக முடியாத இடத்துக்கு இந்திய வியாபாரிகளும் யாத்ரீகர்களும் போய்வருகிறார்களே, அவர்களில் படித்த ஒருவனைப் பழக்கி அனுப்பினால் என்ன? குமாவுனில் கல்வி அதிகாரியாக இருந்த எட்மண்ட் ஸ்மித் மிலம் ஊர்க்காரர்களைச் சிபாரிசு செய்தார். நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் 1863-ல் டேராடூன் போனார்கள். இரண்டு பேரும் அதற்கு முன்பே ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மன் சகோதரர்களோடு சுற்றியவர்கள். திசைகாட்டி, வெப்பமானி எல்லாம் கைபட்ட சாமான்கள்தான். வாத்தியார் என்பதால் நைன் சிங்குக்கு ‘பண்டிட்’ என்றே பெயர் வைத்தார்கள். பிறகு இந்த வேலைக்குப் போன எல்லோருக்குமே அது பொதுப்பெயர் ஆகிவிட்டது.

டேராடூனில் முதல் பாடம் நடப்பது. ஏற்றமோ இறக்கமோ சமதரையோ, தப்படியின் நீளம் மாறக்கூடாது. மைலுக்கு 2000 என்றால் ஒரு தப்படி 32 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. என்னைப் போன்றவர்களுக்கு ஏற்றத்தில் அதில் பாதி வந்தாலே அதிகம். எண்ணுவதற்கு ஜபமாலை. திபெத்திய மாலையில் 108 மணி இருக்க வேண்டும். இவர்கள் மாலையில் நூறுதான். நூறு தப்படிக்கு ஒரு மணி என்றால் முழுச் சுற்று ஐந்து மைல். கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்பெழுதும் காகிதம். கைத்தடிக்குள் வெப்பமானி, தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்த்தால் உயரம் தெரியும். பெட்டியின் பொய் அடித்தட்டுக்குள் செக்ஸ்டன்ட். பாதரசத்தைச் சோழிகளுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். இரவில் யாத்ரீகர் கிண்ணத்தில் அதை ஊற்றினால் சமதளக் கண்ணாடி போல நிற்கும், நட்சத்திரத்தின் உயரத்தைக் குறிக்கலாம்.

1865-ல் புறப்பட்டு நேபாளம் வழியாக முயன்றார்கள். எல்லைக்கு அப்பால் கிரோங்கில் அதிகாரிகள் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மணி சிங் பின்வாங்க, நைன் சிங் லடாக்கிக்காரர் வேஷத்தில், பின்னலும் வைத்துக்கொண்டு, லாசா பக்கம் போக மாட்டேன் என்று உயிரைப் பணயம் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நோய் என்று பாசாங்கு செய்து ஒரு கூட்டத்திலிருந்து கழன்று, லாசா போகும் லடாக் வணிகக் கூட்டத்தோடு சேர்ந்தார். கூட்டத்தோடு நடந்தால் பேச்சுக் கொடுப்பார்கள், எண்ணிக்கை கெடும். ஜபத்தில் இருப்பவனை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

1866 ஜனவரியில் லாசா சேர்ந்தார். கையில் காசு தீர்ந்துபோனது. நம் வாத்தியார் நேபாள வியாபாரிகளுக்கு இந்தியக் கணக்கு முறை சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டார்! காஷ்மீரி முஸ்லிம் வணிகர்கள் இரண்டு பேர் அவர் வேஷத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கடன் கூடக் கொடுத்தார்கள். அனுமதியில்லாமல் லாசா வந்த ஒரு சீனரின் தலையை ஊர் நடுவில் வெட்டியதைப் பார்த்தார். பிறகு ஒரு நாள் தெருவில் கிரோங் அதிகாரியே எதிரில் வந்தார், அந்த உறுதிமொழியை வாங்கிக்கொண்ட அதே ஆள். அதற்கப்புறம் நைன் சிங் வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். ஏப்ரலில் கிளம்பி, அக்டோபர் கடைசியில் டேராடூன் வந்து சேர்ந்தார்.

அவர் குறித்த லாசாவின் அட்சரேகை 29 பாகை 39 நிமிடம். இன்றைய வரைபடத்தைத் திறந்து பார்த்தாலும் அதேதான். உயரம் 11,700 அடி என்றார். இன்றைய கணக்கோடு சில நூறு அடிகள்தான் வித்தியாசம், வெந்நீரை வைத்துச் சொன்னது. 1874-75-ல் லேயிலிருந்து லாசா, தவாங் வழியாக அசாம் வரை கடைசிப் பயணம். அதில் கண்பார்வை கெட்டுப்போனது. 1877-ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அவருடைய சித்தப்பா பெரியப்பா வழித் தம்பி கிஷன் சிங்கின் கதை இதைவிடக் கடினமானது. 1878-லிருந்து 1882 வரை திபெத்தின் குறுக்கே வடக்கில் துன்ஹுவாங் வரை போய்வந்தார். வழிப்பறிக்காரர்கள் கொள்ளையடித்தார்கள், கூட வந்தவரில் ஒருவர் பணத்தோடு ஓடிப்போனார். கூலிக்கு மிருகங்களை மேய்த்துப் பிழைத்தார். திரும்பும் வழியில் நடக்க விடாமல் குதிரையில் ஏற்றிவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. குதிரையின் வலது முன்னங்கால் எத்தனை தரம் தரையில் பட்டது என்று எண்ணிக்கொண்டே வந்தார். நான்கு வருஷத்துக்கு மேல் கழித்து ஊர் திரும்பியபோது ஒரே மகன் இறந்துபோயிருந்தான்.

எனக்கு ஆற்றாமை தருவது ஒன்று உண்டு. நைன் சிங் திரும்பி வந்த இரண்டாவது வருஷம், 1868-லேயே, மான்ட்காமரியின் அறிக்கை லண்டன் கழகத்தின் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. பெயரை மட்டும் மறைத்தார்கள். மாலை, சக்கரம், வேஷம் எல்லாம் அதில் இருந்தது. அதற்குப் பிறகும் கிஷன் சிங் போன்றவர்களை அதே மாலையோடு அனுப்பினார்கள். லண்டனில் கைதட்டு வாங்க இவ்வளவு அவசரம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, பண்டிட்களைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அதிகம் தொடாத பக்கம். இவர்கள் பொய் சொல்லி ஏமாற்றியது நம்பியவர்களைத்தான். சரத் சந்திர தாஸ் என்ற வங்காளி, அவரும் டார்ஜீலிங் பள்ளித் தலைமையாசிரியர், 1881-82-ல் லாசா போய்வந்தார். அவருக்கு உதவிய சென்சென் லாமாவை 1887-ல் திபெத் அரசு ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. 1904-ல் யங்ஹஸ்பண்டின் பட்டாளம் துப்பாக்கியோடு லாசா போனபோது, மாலை உருட்டி அளந்தவர்களின் வேலைதான் அந்த வரைபடங்களுக்கு அடிப்படை. நைன் சிங்கின் துணிச்சலுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் திபெத்தியர்கள் வெளியாரைச் சந்தேகப்பட்டது வீண் சந்தேகம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

மிலம் மட்டும் எல்லாவற்றுக்கும் பிறகும் வியாபாரத்தை விடவில்லை. 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட பஞ்சசீல ஒப்பந்தத்தில், வியாபாரிகள் போய்வரலாம் என்று ஆறு கணவாய்களின் பெயர் எழுதியிருக்கிறது. அதில் குங்ரி பிங்ரியும் ஒன்று. எட்டு வருஷக் கெடு. 1962 ஜூனில் கெடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. யுத்தத்தால்தான் வழி அடைபட்டது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். அக்டோபரில் முதல் குண்டு வெடிப்பதற்கு நாலு மாதம் முன்பே காகிதம் காலாவதியாகியிருந்தது. பிற்பாடு 1992-ல் லிபுலேக் வழியைத் திறந்தார்கள். மிலம் வழி திறக்கவில்லை.

நாங்கள் நான்காம் நாள் மத்தியானம் ஊருக்குள் நுழைந்தோம். அடுக்கடுக்காகக் கல் சுவர்கள், பெரும்பாலானவற்றின் மேல் கூரை இல்லை. சில வாசல்களில் மட்டும் செதுக்கிய மர நிலைகள் மிச்சம். வீட்டுக்குள்ளேயே புதர். ஓரமாக எல்லைக் காவல் படையின் முகாம். கோடைக்கு மேலே வரும் சில குடும்பங்கள் பாப்பரையும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெரியவர் எங்களுக்கு உப்புப் போட்ட தேநீர் கொடுத்தார். சிறு பையனாக அப்பாவோடு ஒரே ஒரு தடவை கணவாய் தாண்டியிருக்கிறாராம். திபெத்தில் அவர்கள் மித்ரர் வீட்டில் கொஞ்சம் கம்பளிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்களாம். அடுத்த வருஷம் போக முடியவில்லை. அந்த ஆள் நல்லவர், எங்களுக்காக எடுத்து வைத்துத்தான் இருந்திருப்பார் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

நைன் சிங் வீடு எது என்று கேட்டேன். கையை நீட்டி ஒரு கற்குவியலைக் காட்டினார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், அது இல்லை, அதற்கு மேலே இருப்பது என்றார். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் கொஞ்ச நேரம் விவாதித்துக்கொண்டார்கள். நாங்கள் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

போக விரும்புகிறவர்களுக்கு: முன்சியாரியில் துணை ஆட்சியர் அலுவலகத்தில் எல்லைப் பகுதி அனுமதி வாங்க வேண்டும், அடையாள அட்டை கட்டாயம். மழைக்காலத்தில் சரிவுகள் ஆபத்து. செப்டம்பர் கடைசி எங்களுக்கு ஒத்துவந்தது. ராணுவத் தேவைக்காக மிலம் வரை சாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடந்து பார்க்க ஆசைப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள்.