எல்லை மாறிய மண்ணில் எய்திய அமைதி

எல்லைக்கோடுகளை வரைவோர் ஒரு சிலர். அக்கோடுகளின் அருகே வாழ்வோர் பல்லாயிரவர். கோடு இடம்பெயரும்போது, மக்கள் தம் வீட்டு வாயிலைத் தாண்டாமலே வேற்று நாட்டவர் ஆகிவிடுகின்றனர். இத்தகைய மண்ணில் இனப்பகை மூளாது காப்பது எங்ஙனம்? இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில் அமைந்த தென் டிரோல் இவ்வினாவிற்குத் தரும் விடையை ஈண்டுக் காண்போம்.

நூற்றாண்டுகளாக ஆஸ்திரிய அரசகுலத்தின் கீழிருந்த இப்பகுதி, முதல் உலகப் போருக்குப்பின், 1919-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இத்தாலியைச் சேர்ந்தது. பிரென்னர் கணவாய் புதிய எல்லையாயிற்று. அங்கு வாழ்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் ஜெர்மன் மொழியினர். எனினும் அவர்தம் விருப்பத்தை எவரும் கேட்டிலர்.

1922-இல் முசோலினி ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மன் பள்ளிகள் ஒவ்வொன்றாக ஒடுக்கப்பட்டன. ஊர்ப்பெயர்கள் இத்தாலியமாயின, அலுவலகங்களில் இத்தாலியமே ஒலித்தது. மக்களோ பண்ணை வீடுகளிலும் பரண்களிலும் பிள்ளைகளை மறைவாகக் கூட்டித் தாய்மொழி எழுத்தைக் கற்பித்தனர். 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் இம்மக்கள்முன் ஒரு கொடிய தெரிவை வைத்தனர். ஜெர்மனிக்குக் குடிபெயர வேண்டும். அன்றேல் தம் மொழியுரிமையைத் துறந்து தங்க வேண்டும். மிகப் பெரும்பாலோர் வெளியேற ஒப்பினர். ஏறத்தாழ 75,000 பேர் வெளியேறினர். போவோர், இருப்போர் என உற்றார் உறவினரே ஒருவரையொருவர் பழித்தனர்.

போர் முடிந்தபின், 1946 செப்டம்பர் 5 அன்று, இத்தாலியின் டி காஸ்பெரியும் ஆஸ்திரியாவின் குரூபரும் பாரிசில் ஓர் உடன்பாடு கண்டனர். தாய்மொழிக் கல்வி, அலுவலகங்களில் இருமொழிச் சமநிலை, அரசுப் பணிகளில் தக்க பங்கு, தன்னாட்சி ஆகியவை அதில் உறுதியளிக்கப்பட்டன. எழுத்தளவில் குறை காண்பது அரிது. ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தாலியர் மிகுந்த டிரென்டோவுடன் இப்பகுதியை ஒரே வட்டாரமாக இணைத்தது. தன்னாட்சி வந்தது, அதனை ஆளும் பெரும்பான்மையோ பிறரிடம் சென்றது. 1957-இல் சில்வியஸ் மாக்னாகோவின் தலைமையில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் திரண்டு தனித் தன்னாட்சி கோரினர். 1960-இல் ஆஸ்திரியா இவ்வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றது. 1961 ஜூன் மாதத்து இரவொன்றில் மின்கோபுரங்கள் பல வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தொடர்ந்த வன்முறையில் உயிர்களும் மாய்ந்தன.

அவ்வாண்டே பத்தொன்பதின்மர் குழுவொன்றை இத்தாலி அமைத்தது. நெடிய பேச்சின் பயனாக 1969-இல் 137 நடவடிக்கைகள் அடங்கிய தொகுப்பு ஏற்கப்பட்டு, 1972-இல் புதிய தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அஞ்சல், ரயில்வே முதலிய அரசுப் பணியிடங்களும் மொழிக்குழுக்களின் தொகைக்கேற்பப் பங்கிடப்பட்டன. பணிக்கு வருவோர் இருமொழித் தேர்ச்சி பெறல் வேண்டும். லதீன் என்னும் சிறு மொழியினருக்கும் இடம் உண்டு. நடைமுறை விதிகளை வரையும் குழுக்களில் நடுவண் அரசுக்கும் உள்ளூராருக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் அமர்ந்தனர். விதிகள் பெரிதும் நிறைவேறும்வரை ஆஸ்திரியா காத்திருந்தது. 1992-இல்தான் வழக்கு முடிந்ததென அறிவித்தது.

குறையே இல்லையென்று கூறோம். பிள்ளைகள் மொழிவாரியாகத் தனித்தனிப் பள்ளிகளில் பயில்கின்றனர். இருமொழிப் பெற்றோருக்குப் பிறந்தவரும், பணியிடப் பங்கினைப் பெற ஏதேனும் ஒரு குழுவின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அமைதி வந்தது, ஆயின் அருகருகே வாழ்வோர் ஒன்றிக் கலக்க இன்னும் காலம் வேண்டும்.

1946-ஆம் ஆண்டின் சொற்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் சொற்களுக்கும் இடையே பெரும் வேற்றுமை இல்லை. முன்னவை ஏட்டில் உறங்கின. பின்னவை அலுவலக மேசைக்கு வந்து சேர்ந்தன. அவ்விடைவெளியில்தான் வெடிமருந்து புகுந்தது. கோப்புகளிடையே நாட்களைக் கழிக்கும் நமக்கு இது புதிதன்று. ஆணை பிறப்பது ஒரு நாள். அது எளியவன் ஒருவனின் மனுவிற்குப் பதிலாக மாறுவது வேறொரு நாள். அவ்விரு நாட்களுக்கும் இடையே ஆண்டுகள் கழியுமாயின் நம்பிக்கை தேயும். பிற மொழி வழங்கும் நகரில் வாழும் நாம், அஞ்சலகச் சாளரத்தின் அப்புறமிருந்து நம் மொழியில் ஒரு சொல் கேட்டால் அடையும் ஆறுதலை அறிவோம். பிறந்த மண்ணிலேயே அச்சொல் மறுக்கப்படுவோரின் நெஞ்சம் எத்துணைக் கொதிக்கும்! அக்கொதிப்பு தீயாகுமுன் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதே எல்லைநிலத்தைக் காக்கும் உறுதியான அரண்.