செங்குழியத்தின் 120 நாட்கள்: ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையும் எங்கள் உடம்பும்

மனித உடம்பின் கலங்களை மனிதர்களாகவே வரைந்து காட்டும் ஜப்பானியச் சித்திரக்கதை ‘ஹதராகு சைபோ’. வேலை செய்யும் கலங்கள் என்பது அதன் பொருள். அகானே ஷிமிசு எழுதி வரைந்த இக்கதை 2015 முதல் 2021 வரை தொடராக வந்து 6 தொகுதிகளில் நிறைவடைந்தது. 2018இல் அசைவூட்டத் தொடராகவும், 2024 டிசெம்பரில் திரைப்படமாகவும் வெளியானது.

இதன் பாத்திரங்கள் எங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூலில் உள்ளவர்களே. ஒட்சிசன் பெட்டியைச் சுமந்துகொண்டு அடிக்கடி வழி தவறும் பெண் ஒரு செங்குழியம். கிருமிகளை வெட்டிச் சாய்க்கும் வெண்ணிற உடைக்காரர் நடுநிலைநாடி எனப்படும் வெண்குழியம். சின்னஞ்சிறு பிள்ளைகளாக வருபவை குருதிச் சிறுதட்டுகள். இவர்களைப் பற்றி வாசகர்கள் பல ஊகங்களை வளர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றை உடலியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதல் ஊகம்: இருவரின் நட்பு நிலைக்காது

செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். நடுநிலைநாடி குருதியில் வாழ்வது சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரைதான். ஆகவே கதை உடலியலின்படி நடந்தால் வெண்குழியம் முதலில் இறந்துவிடும் என்கிறார்கள் வாசகர்கள். கணக்குச் சரிதான். ஆனால் கதாசிரியர் பாத்திரங்களின் காலத்தை நீட்டியே வைத்திருக்கிறார். உண்மையில் எங்கள் என்புமச்சை ஒவ்வொரு செக்கனிலும் சுமார் 20 இலட்சம் செங்குழியங்களை உருவாக்குகிறது. அதே அளவு பழைய செங்குழியங்கள் அழிகின்றன.

இரண்டாம் ஊகம்: வளர்த்தவளே விழுங்குவாள்

கதையில் இளம் செங்குழியங்களைப் பராமரிப்பவள் பெருந்தின்குழியம். புன்னகை மாறாத அந்தப் பெண்ணே கடைசியில் அவர்களை விழுங்குவாள் என்பது வாசகர்களின் இருண்ட ஊகம். உடலியல் இதை ஆமோதிக்கிறது. என்புமச்சையில் பெருந்தின்குழியத்தைச் சுற்றித்தான் செங்குழியங்கள் முதிர்கின்றன. மூப்படைந்த செங்குழியங்களை மண்ணீரலிலும் ஈரலிலும் விழுங்குபவையும் பெருந்தின்குழியங்களே. அப்போது பிரியும் இரும்பு வீணாவதில்லை. அது மீண்டும் என்புமச்சைக்குப் போய்ப் புதிய செங்குழியத்தில் சேர்கிறது.

மூன்றாம் ஊகம்: அந்த உடம்பு யாருடையது?

காயம், மகரந்த ஒவ்வாமை, வெப்பத்தாக்கு, மீனிலிருந்து வந்த புழு, தலைக்காயத்தால் பெரும் குருதியிழப்பு. இத்தனையும் ஒரே ஆளுக்கா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கதை விடை சொல்வதில்லை. குருதியிழப்பு அத்தியாயத்தில் வேறொருவரின் செங்குழியங்கள் வந்து உடம்பைக் காப்பாற்றுகின்றன. அவை பேசுவது வேறு வட்டார வழக்கு. குருதி ஏற்றப்பட்ட எவரது உடம்பிலும் இதுதான் நடக்கிறது. பெயர் தெரியாத ஒருவரின் செங்குழியங்கள் சில வாரங்கள் அங்கே வேலை செய்கின்றன. இலங்கையில் ஒருமுறை குருதி கொடுத்தவர் மீண்டும் கொடுக்க நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். அது ஏறக்குறைய ஒரு செங்குழியத்தின் ஆயுட்காலம்.

அந்த உடம்பு மன்னாரில் இருந்தால்

மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்கச் செய்கிறது. 2016க்கு முன்னர் இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவில் ‘அனோபிலிஸ் ஸ்டீபன்சி’ என்ற நுளம்பு இலங்கையில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகக்கூடிய இந்த நுளம்பு மலேரியாவைப் பரப்ப வல்லது. அவற்றை மூடி வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

எறிகணைச் சிதறல் பற்றிய அத்தியாயம் இந்தக் கதையில் இல்லை. எங்களில் பலரது உடம்பில் அது உண்டு. உலோகத் துண்டு உள்ளே நுழைந்ததும் முதலில் நடுநிலைநாடிகளும் பின்னர் பெருந்தின்குழியங்களும் வந்து சேர்கின்றன. விழுங்க முடியாதபோது பெருந்தின்குழியங்கள் பல ஒன்றிணைந்து இராட்சதக் கலங்களாகின்றன. காலப்போக்கில் துண்டைச் சுற்றி நார் இழையத்தால் ஓர் உறை உருவாகிறது. அப்படி அடங்கிய துண்டை எடுப்பதால் வரும் பாதிப்பு அதிகம் என்றால் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அதை அப்படியே விட்டுவிடுவதுண்டு.

துண்டை உள்ளே சுமப்பவர்கள் மூன்று விடயங்களை மனதில் வைத்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னர் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரும்பு கலந்த துண்டைக் காந்தம் அசைக்கலாம், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால் அது பேராபத்து. மூட்டுக்குள் ஈயத் துண்டு இருந்தால் ஈயம் கரைந்து குருதியில் கலக்கலாம். மருத்துவரிடம் கேட்டுக் குருதிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பழைய இடத்தில் புதிதாக வலியோ வீக்கமோ சீழோ கண்டால், இத்தனை வருடம் சும்மா கிடந்ததுதானே என்று விட்டுவிடாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.