வீராணம் பாசனமும் கடைமடைச் சிறு விவசாயிகளும்

கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரம் காவிரிப் பாசனத்தின் வடகிழக்குக் கடைமடை. 10-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரியே இதன் முதன்மை நீர்நிலை. இந்த ஏரியால் சுமார் 45,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது.

நீர்வரத்து: காவிரியின் மேட்டூர் அணையிலிருந்து திறக்கப்படும் நீர், கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் 1836-இல் கட்டப்பட்ட கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக ஏரியை அடைகிறது. மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வெள்ளம் சேர்க்கின்றன. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் செல்கிறது.

வறுமையுடன் தொடர்பு: ஐந்து ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவரும் குத்தகைதாரரும் தண்ணீர் வரும் நாளை நம்பியே கடன் வாங்கி விதைக்கிறார்கள். மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போனால் சம்பா நடவும் தள்ளிப்போகிறது. அதனால் இளம்பயிர் வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் மூழ்குகிறது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர் முன்கூட்டியே நாற்று விடுகிறார். இல்லாதவர் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார் அல்லது காத்திருக்கிறார். கடலோரத்தில் உப்புநீர் ஊடுருவுவதால் கிணறும் கைகொடுப்பதில்லை. பயிர் பொய்த்தால் கூலி வேலையும் குறைவதால் நிலமற்றோரும் பாதிக்கப்படுகின்றனர்.

பாதுகாப்பு: விளைநிலத்தைக் காக்கத் தமிழ்நாடு அரசு இயற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்த்தது. நிலத்தைக் காப்பதோடு வாய்க்கால்களைத் தூர்வாருவதும், கடைமடைக்கு உரிய நாளில் நீர் விடுவதும், குத்தகைதாரருக்கும் இழப்பீடு சேர்வதும் இன்றியமையாதவை.