குத்தகைக்கு வந்த முகவரிகள்

2000-ஆம் ஆண்டு வாக்கில் செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவிலும் பிரவுசிங் சென்டர்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கடைக்குக் கடை கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். முதல் கேபினுக்கு 192.168.0.2, அடுத்ததற்கு 192.168.0.3 என்று ஐபி முகவரிகளை வரிசையாக எழுதி வைத்திருப்போம்.

ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என நான்கையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கையால் அடிக்க வேண்டும். முகவரியை மாற்றினால் விண்டோஸ் 98 உடனே ரீஸ்டார்ட் கேட்கும். நோட்டைப் பார்க்காமல் யாராவது ஒரே எண்ணை இரண்டு மெஷினுக்குக் கொடுத்துவிட்டால், முகவரி மோதுகிறது என்று திரையில் பெட்டி வந்து நிற்கும். காசு கொடுத்து உட்கார்ந்த வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார்.

இந்தத் தொல்லைக்கு மருந்து தேடும் வேலை 1984-லேயே ஆரம்பித்தது. அந்த ஆண்டு வந்த ஆர்ஏஆர்பி என்ற நெறிமுறை, கேட்கும் கம்ப்யூட்டருக்கு முகவரியை மட்டும் சொன்னது. 1985-இல் பில் கிராஃப்டும் ஜான் கில்மோரும் எழுதிய பூட்பி, கேட்வே விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தது. ஆனாலும் எந்த மெஷினுக்கு எந்த எண் என்று நிர்வாகி முன்கூட்டியே பட்டியல் போட வேண்டும். எங்கள் கல்லா நோட்டு சர்வருக்குள் குடிபோனது, அவ்வளவுதான்.

1993 அக்டோபரில் அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்து ரால்ஃப் டிரோம்ஸ் எழுதி வெளியான டிஎச்சிபிதான் பட்டியலை ஒழித்தது. புதிதாக வரும் கருவி, தனக்கு முகவரியே இல்லாத நிலையில், நெட்வொர்க் முழுவதற்கும் குரல் கொடுக்கிறது. சர்வர் ஒரு எண்ணைக் காட்டுகிறது. கருவி அதையே தரும்படி கேட்கிறது. சர்வர் உறுதி செய்கிறது. நான்கே செய்திகளில் காரியம் முடிகிறது. கிடைப்பது குத்தகை மட்டுமே. பாதிக் காலம் கழிந்ததும் கருவியே புதுப்பிக்கக் கேட்கும். கேட்காமல் போய்விட்டால், கெடு முடிந்ததும் எண் அடுத்தவருக்குப் போகும். 1997 மார்ச்சில் திருத்தி வெளியிட்ட வடிவமே இன்றும் அடிப்படை.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டயல்-அப் இணைப்புக்கு மட்டும் ஒரு முகவரி தானாக வரும். கடைக்குள் நாங்கள் கையால்தான் கொடுத்தோம். ஏனென்றால் எந்த எண் எந்த கேபின் என்பது முதலாளிக்குத் தெரிய வேண்டும். 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது, மோடத்துக்குள்ளேயே டிஎச்சிபி இருந்தது. நோட்டுகளின் காலம் அதோடு முடிந்தது.

டிஎச்சிபியின் முழு அருமை எனக்கு விளங்கியது மாமல்லபுரம் லாட்ஜ்களில்தான். வைஃபை போட்ட ஒரு லாட்ஜில் குத்தகை 24 மணி நேரம், கையிருப்பு 50 எண்கள் என்று அமைந்திருந்தது. காலையில் அறையைக் காலி செய்தவர்களின் போன்கள் எண்களை அடுத்த நாள் வரை பிடித்துக்கொண்டதால், மாலையில் வந்தவர்களுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரியே வந்தது. சர்வரிடமிருந்து பதில் கிடைக்காத கருவி, தானே போட்டுக்கொள்ளும் எண் அது. அதை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது. குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன். புகார் நின்றது.

ஒரே ஆட்கள் ஒரே இடத்தில் உட்காரும் அலுவலகத்துக்கு நோட்டு போதும். ஆட்கள் வந்து வந்து போகும் கடற்கரை ஊருக்கு, இருக்கும்வரை கொடுத்து, போனபின் திரும்பப் பெறும் இந்த ஏற்பாடுதான் பொருந்தும். முன்பின் தெரியாத விருந்தாளி யாரிடமும் எண் கேட்காமல் வீட்டோடு பேச முடிவது அதனால்தான்.