பூட்டு யாருக்காக?



நான் பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கப்பா சொல்லுவாரு: "திருடன் உள்ளே வரக்கூடாதுன்னு போடுறதுதான் பூட்டு. வீட்டுக்காரனை வெளியே நிறுத்திப் போட்டா அதுக்குப் பேரு வேற!" (சிரிப்பு)

எதிரணி நண்பர் கேட்டாரு, "சபையை ஒத்திவைக்கச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கே, அப்புறம் என்ன தப்பு?"ன்னு. நியாயமான கேள்விதான். வேலை முடிஞ்சா கூட்டத்தொடரை முடிச்சு வைக்கத்தான் வேணும். நான் மறுக்கலே. ஆனா தலையை எண்ணப் போற நேரத்திலே ஏன் பூட்டணும்?

பக்கத்து இலங்கையைப் பாருங்க. 2018 அக்டோபர் 26. ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கிட்டு மகிந்த ராஜபக்சவை அந்த இடத்திலே உட்கார வெச்சாரு. மொத்தம் 225 உறுப்பினர்கள். 113 பேர் வேணும். கையிலே இருந்தா மறுநாளே சபையிலே காட்டியிருக்கலாமே? மறுநாள் நடந்தது என்ன? நவம்பர் 16 வரைக்கும் சபைக்குப் பூட்டு!

அவகாசம் கிடைச்சும் எண்ணிக்கை சேரலே. நவம்பர் 9ஆம் தேதி சபையையே கலைச்சாங்க. நாலரை வருஷம் ஆகாம, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கேட்காம கலைக்கக் கூடாதுங்கிறது அன்னிக்கு அங்கே இருந்த சட்டம். தமிழர் தலைவர் சம்பந்தன் உள்ளிட்ட பலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுச்சு, சபை திறந்துச்சு. டிசம்பர் 12ஆம் தேதி ரணிலுக்கு ஆதரவா 117 வாக்கு! மறுநாளே ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னாங்க: கலைச்சது செல்லாது. டிசம்பர் 16ஆம் தேதி ரணில் மறுபடியும் பிரதமர். (கைதட்டல்)

நம்ம நாடும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படிச்சுது. 1989 ஏப்ரலில் கர்நாடக முதல்வர் பொம்மை, "சபையைக் கூட்டுங்க, பெரும்பான்மையைக் காட்டுறேன்"னு கேட்டாரு. வாய்ப்பே கொடுக்காம ஆட்சியைக் கலைச்சாங்க. 1994 மார்ச் 11ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, பெரும்பான்மையைச் சோதிக்கிற இடம் சபைதான்னு தெளிவாக்குச்சு. பொம்மைக்குப் பதவி திரும்பி வரலே. ஆனா அவருக்குப் பின்னாலே வந்த எத்தனையோ முதல்வர்களுக்கு அந்தத் தீர்ப்பு கேடயமாச்சு.

ஐயா, ஒவ்வொரு உறுப்பினருக்குப் பின்னாலேயும் வெயிலிலே வரிசையிலே நின்னு ஓட்டுப் போட்ட சனம் இருக்கு. சபையைப் பூட்டினா அவங்க வாயைப் பூட்டின மாதிரி. காவல்காரர் கையிலே சாவி இருக்கலாம். வீடு நம்ம வீடு!

எனவே, நம்பிக்கை வாக்கெடுப்புக்குப் பயந்து சபையை மூடுவது ஜனநாயகம் ஆகாது.