180க்கு 50: கார் டாஷ்போர்டில் இருந்த ஒரு ஓட்டையின் வரலாறு

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு ஆவணம் என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு. இந்தக் கட்டுரையில் நாங்கள் வாசிக்கப்போற ஆவணம் ஒரு ஓட்டை. அகலம் 180 மில்லிமீற்றர், உயரம் 50 மில்லிமீற்றர். பழைய கார்களின் டாஷ்போர்ட் நடுவில் ரேடியோ செற் பூட்டுவதற்கென்று விட்டிருக்கும் செவ்வக ஓட்டை.

சிரிக்காதீங்கோ. காசு குடுத்து வாங்கின ஒரு பொருளைத் திறக்கவும் மாத்தவும் அதை வாங்கினவருக்கு எவ்வளவு உரிமை இருக்கு என்ற கேள்வியின் கிட்டத்தட்ட தொண்ணூறு வருட வரலாறு அந்த ஓட்டைக்குள்ள இருக்கு. அது எப்படி வந்தது, ஏன் மறையுது என்று பார்க்கிறதுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான் நல்ல இடம். சாதாரணக் காரில் செற் மாத்தினால் ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம். முப்பது நாற்பது வருடப் பழைய போர்ஷ 911 ஒன்றில் மாத்தினால் சண்டையே வரும். சண்டை வரும் இடத்தில்தானே வரலாறு வெளியில தெரியும். எங்களில் ஒருத்தரும் 911 ஒன்றில் ஏறினதில்லை என்பதையும் இப்பவே சொல்லிவிடுகிறோம்.

ஓட்டைக்கு முந்தின காலம்

தொடக்கத்தில் காருக்கும் ரேடியோவுக்கும் ஒரு உறவும் இல்லை. 1930இல் அமெரிக்காவின் சிக்காகோவில் போல் கல்வின், ஜோசப் கல்வின் என்ற சகோதரர்கள் காரில் பூட்டக்கூடிய ஒரு ரேடியோவை விற்கத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மொட்டோரோலா. பிறகு 1947இல் கம்பனிக்கே அந்தப் பெயர் வந்தது. எங்கட வீடுகளில் ஒரு காலம் கைத்தொலைபேசியாக இருந்த அதே பெயர்தான்.

ஐரோப்பாவில் 1932இல் ஜேர்மனியின் புளோபுங்க்ட் செற் வந்தது. கிட்டத்தட்ட 15 கிலோ பாரம். விலை 465 றைஹ்ஸ்மார்க், அதாவது அந்தக் காலத்துக் கார் ஒன்றின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முதலில் பூட்டியது ஸ்டுடிபேக்கர் என்ற அமெரிக்கக் காரில். பெட்டியை வைக்க டாஷ்போர்டில் இடமில்லை. அதனால் அதை வேறொரு மூலையில் மறைத்துவைத்து, ஸ்டியரிங் தண்டில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டிவிட்டார்கள். கார் செய்தவன் ரேடியோவை நினைக்கவில்லை, ரேடியோ செய்தவன் அந்தக் காரை நினைக்கவில்லை. நடுவில் நின்று இரண்டையும் பொருத்தியவர் பூட்டுகிற மெக்கானிக்.

போருக்குப் பிறகு செற் சுருங்கியது, டாஷ்போர்டில் அதற்கு ஒரு இடமும் கிடைத்தது. 1953இல் ஜேர்மனியின் பெக்கர் கம்பனி கொண்டுவந்த 'மெக்ஸிகோ' செற்றில் எஃப்எம் இருந்தது, நிலையத்தைத் தானாகத் தேடிப் பிடிக்கும் வசதியும் இருந்தது. அப்பவும் ரேடியோ காரின் பகுதி இல்லை. தொழிற்சாலையில் கேட்டால் பூட்டித் தருவார்கள், இல்லாவிட்டால் விற்பனையாளரிடம் பூட்டிக்கொள்ளலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் ஒரு மூடி இருக்கும்.

ஒரு உடன்பாடு

இங்கதான் முக்கியமான விசயம் நடக்குது. ஒவ்வொரு கார் கம்பனியும் ஒவ்வொரு அளவில் ஓட்டை போட்டால் ரேடியோ கம்பனிகள் என்ன செய்யிறது? ஜேர்மனியின் நியம நிறுவனமான டின், காரில் ரேடியோவுக்கான இடத்துக்கு ஒரு அளவை எழுதி வைத்தது. 1984இல் அது சர்வதேச நியமமாகவும் வெளிவந்தது. இன்றைக்கும் கடைகளில் 'சிங்கிள் டின்', 'டபிள் டின்' என்று கேட்கிறோமே, அந்த டின் இந்த நிறுவனத்தின் பெயர்தான். ஜப்பான்காரர் உயரத்தை இரண்டு மடங்காக்கி 100 மில்லிமீற்றர் ஆக்கினார்கள். அது டபிள் டின். பிறகு பின்பக்க வயர்க் கவ்விக்கும் ஒரு சர்வதேச நியமம் வந்தது. ஒரு கவ்வியில் மின்சாரம், மற்றதில் ஸ்பீக்கர்கள்.

அளவு என்பது சும்மா இலக்கம் இல்லை. கார் செய்கிறவர், ரேடியோ செய்கிறவர், வாங்குகிறவர் என்று ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று தரப்புக்கிடையிலான ஒப்பந்தம் அது. "இந்த இடத்துக்குள் என்ன வைப்பது என்பதை நீயே தீர்மானி" என்று கார் கம்பனி எழுத்தில் ஒத்துக்கொண்ட மாதிரி.

அதன் பலனைப் பாருங்கோ. பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய கசெற், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காருக்குள்ளும் வந்துவிட்டது. 1984இல் காருக்கான சிடி பிளேயர்கள் வந்தன. பிறகு எம்பி3, யுஎஸ்பி, புளூடூத். பாட்டுக் கேட்கும் முறை இத்தனை தரம் மாறியும் ஓட்டை மாறவில்லை. 1964இல் உற்பத்தி தொடங்கிய 911இலும் அந்த இடம் ஒன்றுதான், 1998இல் முடிந்த 993 என்ற கடைசிக் காற்றுக் குளிர்ப்பு 911இலும் அதே அளவுதான்.

எண்பது, தொண்ணூறுகளின் செற் ஒன்றைக் கழற்றுவதும் பெரிய வேலையில்லை. முகப்பின் இரண்டு ஓரங்களிலும் சின்னத் துளைகள் இருக்கும். 'ப' போல வளைத்த இரண்டு கம்பிகளை அவற்றில் செருகி இழுத்தால் செற் கையோடு வரும். புதுச் செற்றின் வயர்களிலும் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். மஞ்சள் எப்போதும் பற்றரியோடு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கறுப்பு ஏர்த். சில கார்களில் மஞ்சளுக்கும் சிவப்புக்குமான இடங்கள் மாறியிருக்கும். அப்படியே செருகினால் செற் பாடும், ஆனால் சாவியை எடுத்தவுடன் பதிந்துவைத்த நிலையங்களை எல்லாம் மறந்துவிடும். இரண்டு வயரை மாற்றிவிட்டால் சரி.

கள்வரும் வாசித்த ஆவணம்

லேசாகக் கழற்றலாம் என்பதைக் கள்வரும் படித்துக்கொண்டார்கள். எண்பதுகளில் மேற்குலக நகரங்களில் கார்க் கண்ணாடியை உடைத்து செற்றை இழுத்துக்கொண்டு போவது அன்றாடக் களவு. நியூயோர்க்கில் "இந்தக் காரில் ரேடியோ இல்லை" என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். செற்றையே கையில் தூக்கிக்கொண்டு போகும் கைபிடி வந்தது, முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போடும் முறை வந்தது, பற்றரி கழன்றால் இரகசிய இலக்கம் கேட்கும் செற்றும் வந்தது.

அந்தக் கடைசிப் பூட்டு இன்றைக்கு வேறு ஆட்களைப் பிடிக்குது. முப்பது வருடப் பழைய காரை நாலாவது ஆளாக வாங்கினவரிடம் இரகசிய இலக்கம் எழுதின அட்டை இருக்காது. பற்றரி ஒருதரம் இறங்கினால் போதும், செற் ஊமையாகிவிடும். கள்வனுக்குப் போட்ட பூட்டு சொந்தக்காரரையே வெளியில நிறுத்துது.

ஓட்டை மூடுகிற காலம்

களவுக்குப் பயந்து மட்டும் அந்த ஓட்டை மறையவில்லை. முதல் அறிகுறி ஒலித்தரம் என்ற பெயரில் வந்தது. 1984ஆம் ஆண்டு மொடல் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு போஸ் கம்பனியோடு சேர்ந்து செய்த ஒலி அமைப்பில், ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளும் அதற்கென்று தனி அம்ப்ளிஃபையர். நல்லாகத்தான் பாடியது. ஆனால் சாதாரண செற் ஒன்றை வாங்கி நேராக அதில் பூட்டேலாது. செற்றை மாத்தினால் ஸ்பீக்கர்களையும் மாத்த வேண்டும், அல்லது இடையில் ஒரு மாற்றி வைக்க வேண்டும்.

பிறகு 2001இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் வானொலி, அம்ப்ளிஃபையர், வழிகாட்டி எல்லாம் கண்ணாடி இழை வழியாக ஒரு வளையமாக இணைக்கப்பட்டன. சில வருடங்களில் போர்ஷவும் அந்த முறைக்கு வந்தது. அந்த வளையத்தில் ஒரு கருவியைக் கழற்றினால் மற்றவையும் பேச்சை நிறுத்தும். அதோடு குளிரூட்டி, காரின் அமைப்புகள், பின்பக்கக் கமரா எல்லாம் ஒரே திரைக்குள் போய்விட்டன. இனி செற்றை மாத்துவது என்றால் காரின் மூளையில் கைவைப்பது மாதிரி. ஒருவரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை, "நீயே தீர்மானி" என்ற அந்த வாக்கியம் மட்டும் சத்தமில்லாமல் அழிக்கப்பட்டது.

கசெற் பழசானபோது சொந்தக்காரர் செற்றை மாத்தினார். திரை பழசாகும்போது? கம்பனி புதுக் காரைக் காட்டும்.

எங்கட ரோட்டில் அதே ஓட்டை

ஸ்போர்ட்ஸ் கார் கதை எங்களுக்கு எதுக்கு என்று கேட்பீங்கள். இலங்கையில் ஓடுகிற ஜப்பான் ரீகண்டிஷன் கார் ஒன்றுக்குள் பாருங்கோ. ஜப்பானின் எஃப்எம் 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. அதற்கு மேலே 108 வரையான இடத்தை அவர்களுடைய தொலைக்காட்சியின் முதல் மூன்று சனல்கள் பிடித்திருந்தன. பழைய முறைத் தொலைக்காட்சியை நிறுத்திய பிறகுதான், 2014இலிருந்து, 95 வரைக்கும் எஃப்எம் நீண்டது. எங்கட நிலையங்களோ 88க்கும் 108க்கும் இடையில் பரந்து கிடக்கின்றன. ஆகவே ஜப்பான் செற்றில் அவற்றில் பெரும்பாலானவை பிடிபடாது. திரையில் இருப்பது ஜப்பானிய எழுத்து, வரைபடமும் ஜப்பானுடையது.

எங்கட ஆட்கள் என்ன செய்தார்கள்? அலைவரிசையை மாற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டியை அன்ரனா வயரில் பூட்டினார்கள், அல்லது செற்றையே மாத்தினார்கள். ரொயோட்டா கார்களில் அந்த இடம் 200 மில்லிமீற்றர் அகலம். 180 மில்லிமீற்றர் செற் வைத்தால் இரண்டு பக்கமும் 10 மில்லிமீற்றர் இடைவெளி வரும். அதை மூட வைக்கும் ஒடுக்கமான பிளாஸ்ரிக் துண்டுகளை நீங்கள் நிச்சயம் கண்டிருப்பீர்கள். ஜேர்மன் நியமத்துக்கும் ஜப்பான் வழக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் அந்தத் துண்டின் அகலம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரையே வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. திறந்து மாத்தக்கூடிய பொருளின் அருமை அப்பதான் தெரியும்.

எது அசல்?

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். 1973ஆம் ஆண்டு 911 ஒன்று. அதில் பெக்கர் ரேடியோ இருந்தது. 1985இல் சொந்தக்காரர் அதை எடுத்துவிட்டுக் கசெற் செற் பூட்டினார். இன்றைய சொந்தக்காரர் புளூடூத் கேட்கிறார். எது அசல்? வரலாற்று மாணவருக்கு இது பழக்கமான கேள்வி. கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் பல காலங்களில் சேர்ந்த பெறுமதியான பங்களிப்புகள் எல்லாவற்றையும் மதிக்கச் சொல்லுது. ஒரே பாணிக்குக் கொண்டுவருவது புனரமைப்பின் நோக்கம் இல்லை என்றும் சொல்லுது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் தூரின் சாசனத்தை ஏற்றது. அந்தக் கண்ணால் பார்த்தால் 1985இன் கசெற் செற்றும் ஒரு படைதான். அதைக் குப்பையில் போட்டால் காரின் ஒரு காலம் போய்விடும்.

சந்தைக்கு இந்தக் கவலை இல்லை, அல்லது இதையும் விற்கத் தெரியும். 2020இல் போர்ஷவே பழைய 911இன் ஒற்றை டின் ஓட்டைக்கென்று ஒரு செற்றை வெளியிட்டது. பழைய காலம் மாதிரி இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் சின்னத் தொடுதிரை, உள்ளே வழிகாட்டியும் புளூடூத்தும் டிஜிற்றல் வானொலியும். புதுக் கார்களில் தான் மூடிய ஓட்டையைப் பழைய கார்களில் திறந்து வைத்து அதற்குள் வியாபாரம் செய்யுது கம்பனி. குற்றமாகச் சொல்லவில்லை. நியமம் ஒன்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் வேலை செய்யுது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கட நிலைப்பாடு இதுதான். மாத்துவது அழிப்பு இல்லை, திரும்ப முடியாதபடி மாத்துவதுதான் அழிப்பு. பெரிய திரை வேண்டுமென்று டாஷ்போர்டை அரிந்தால் அந்தக் காரில் பிறகு பழைய செற் ஏறாது. அசல் வயரை வெட்டாமல், நடுவில் பொருந்தும் கவ்வி வாங்கிச் செருகினால், நாளைக்கு வருகிறவர் விரும்பினால் பழைய நிலைக்குப் போகலாம். கழற்றிய செற்றை ஒரு பையில் போட்டு, எந்தக் காரிலிருந்து எந்தத் திகதி கழற்றியது என்று ஒரு துண்டில் எழுதி வைத்தால், அதுவே ஒரு சுவடிக்கூடம்.

இது 911க்கு மட்டுமில்லை. உங்கட வீட்டில் பழைய கார் ஒன்று நின்றால், அதில் இப்ப இருக்கிறது எத்தனையாவது செற் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுப்பாருங்கோ. எந்த வருடம் எது பூட்டினது, எங்க பூட்டினது, அப்ப என்ன பாட்டுக் கேட்டது என்று அவர்கள் சொல்வதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. அந்த ஓட்டை முழுசாக மறையமுதல் சேர்த்து வைக்க வேண்டிய ஆவணம் அது.