தாத்தா விட்டுப்போன பேஸ்பால்... விலை எவ்வளவு தேறும்?

நம்ம ஊரில் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்காவில் பேஸ்பால் அப்படி. அங்கே தாத்தா காலத்துப் பெட்டியைத் திறந்தால், பிரபல வீரர் கையெழுத்து போட்ட பந்து கிடைப்பதுண்டு. அப்படி ஒண்ணு உங்க கைக்கு வந்தால், விலையைத் தேடும் முன்னாடி பந்தின் வயசைப் பாருங்க.

பழைய அதிகாரபூர்வ பந்துகளில் லீக் தலைவர் பெயர் அச்சாகியிருக்கும். ஜோ க்ரோனின் அமெரிக்கன் லீக் தலைவராக இருந்தது 1959 முதல் 1973 வரை. பேப் ரூத் இறந்தது 1948-ல். க்ரோனின் பெயருள்ள பந்தில் ரூத் கையெழுத்தா? சந்தேகமே வேண்டாம், போலி!

'தாத்தா மைதானத்துலயே வாங்கினாரு' என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், நட்சத்திர வீரர்களுக்குப் பதிலா அணியின் உதவியாளர்களே கையெழுத்து போட்டுக் கொடுத்ததும் உண்டு. அதனால பி.எஸ்.ஏ, ஜே.எஸ்.ஏ போன்ற நிறுவனங்களில் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவது நல்லது.

தையல்கள் நெருங்கி வரும் இடத்துக்கு 'ஸ்வீட் ஸ்பாட்'னு பேர். அங்கே பெரிய வீரர் ஒருத்தரோட கையெழுத்து மட்டும் இருந்தால் மவுசு அதிகம். மை மங்கியிருந்தால் விலை குறையும். அதுக்காகத் துடைக்கவோ, மேலே பேனா ஓட்டவோ வேண்டாம். இருக்கிற மதிப்பும் போயிடும்.

கடைசியா விலை. இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையை நம்பாதீங்க. அதே மாதிரி பந்து ஏலத்தில் என்ன விலைக்குப் போச்சுன்னு பாருங்க. பந்தை வாங்க நினைப்பவரிடமே மதிப்பு கேட்காதீங்க. அதுவரை வெயில் படாத இடத்தில் பத்திரமா இருக்கட்டும்.